சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த பதிப்புரிமைக் கேள்விகள்

இந்த இதழில் வரும் கேள்விகள் எல்லாமே சுங்கை சிப்புட் வாசகர் வட்டம் சேர்த்து அனுப்பியவை. இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்கள், டவுனுக்குக் குடிவந்துவிட்டவர்கள், ஆசிரியர்கள், மேளம் அடிப்பவர்கள் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தாலும் எல்லாம் பதிப்புரிமையைச் சுற்றியே வருகின்றன. மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகள் அடுத்த இதழில்.

*கேள்வி:* அக்கா, நான் எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்துவிட்டு டவுனில் ஒரு பிரிண்டிங் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் இணையத்தில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, பேனர் அடித்துத் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா கூடாதா என்று முதலாளிக்கும் தெரியவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தை ஒழுங்காகப் படிக்க ஆசை. வழக்கறிஞர் ஆனால்தான் படிக்க முடியுமா? என் ஆங்கிலம் சுமார்தான். அதெல்லாம் கோலாலம்பூரில் இருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு, உனக்கு எதற்கு என்கிறார்கள் நண்பர்கள்.
– அச்சுக்கடை ஊழியர்

*பதில்:* தம்பி, நண்பர்கள் சொல்வதை ஓரமாக வையுங்கள். நகல் எடுப்பதைப் பற்றிய சட்டம் இது. நகல் எடுப்பதையே தொழிலாகச் செய்கிற கடையில் நிற்கும் நீங்கள் படிக்காமல் வேறு யார் படிப்பது?

உங்கள் முதல் பாடநூல் மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், அதாவது சட்டம் 332. எந்தப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் அதைத் திறந்து படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள், சரி, பள்ளியில் மலாயில்தானே படித்தீர்கள்? அக்தா ஹாக் சிப்தா 1987 என்று மலாய்ப் பிரதியும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்றில் புரியாதது இன்னொன்றில் புரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2012-லும் 2022-லும் பெரிய திருத்தங்கள் வந்திருக்கின்றன. அவை சேர்க்கப்படாத பழைய பிரதியில் இணையம் சம்பந்தப்பட்ட முக்கியமான பிரிவுகள் பல இருக்காது.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடைக்கு வரும் ஒரு பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டத்துக்குள் போங்கள். கோயில் திருவிழா பேனர், அதில் கூகுளில் எடுத்த முருகன் படம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் படத்துக்குப் பாதுகாப்பு உண்டா? பிரிவு 7-க்குப் போங்கள். வரைந்தவர் போதுமான உழைப்பைப் போட்டுத் தானாக உருவாக்கி, அது ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டால் அப்போதே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, மூலையில் 'சி' போட்ட வட்டமும் தேவையில்லை. அதே பிரிவில், வெறும் யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை என்றும் இருக்கிறது. மயில்மேல் முருகன் என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை, இந்த ஓவியர் வரைந்த இந்த முருகன் அவருக்குச் சொந்தம். பேனர் அடிப்பது எதில் வரும்? பிரிவு 13, நகலாக்கம். எத்தனை காலத்துக்கு? பிரிவு 17, ஓவியர் இறந்த பிறகும் 50 ஆண்டுக்கு. ராஜா ரவி வர்மா 1906-லேயே இறந்துவிட்டார். அவர் வரைந்த லட்சுமியையும் சரஸ்வதியையும் நீங்கள் தாராளமாக அச்சடிக்கலாம். ஆனால் போன வருடம் ஒருவர் கணினியில் உட்கார்ந்து புதிதாக வரைந்த முருகன் அப்படியல்ல. சாமி படம்தானே, பொது சொத்து என்று ஊரில் நினைக்கிறார்கள். அது தவறு.

கடைசியில் பிரிவு 36. இதை உங்கள் முதலாளிக்கும் வாசித்துக் காட்டுங்கள். அனுமதியில்லாமல் செய்பவரும் மீறுகிறார், இன்னொருவரைச் செய்ய வைப்பவரும் மீறுகிறார். படத்தைக் கொண்டுவந்த கோயில் கமிட்டியும் மாட்டும், அச்சடித்த கடையும் மாட்டும். "கஸ்டமர் கொடுத்தார், நாங்கள் அடித்தோம்" என்ற பதில் தப்பிக்க உதவாது.

பாருங்கள், ஒரே ஒரு பேனரை வைத்துச் சட்டத்தின் முதுகெலும்பையே தொட்டுவிட்டோம். அடுத்து ஒரு திருமண அழைப்பிதழ், அப்புறம் ஒரு பாட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து இதே மாதிரி கேட்டுக்கொண்டே போங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பிரிவையும் உங்கள் சொந்தத் தமிழில் எழுதி வாருங்கள். சட்ட வாசகங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராதவை, அவற்றை மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு தமிழ்ப் பையன் இந்தச் சட்டத்தை நல்ல தமிழில் எழுதிவைத்தால் எத்தனை பேருக்குப் பயன்படும் என்று நினைத்துப் பார்க்கிறேன், உண்மையிலேயே ஆசையாக இருக்கிறது.

வகுப்பு வேண்டுமென்றால் வைப்போ எனப்படும் உலக அறிவுசார் சொத்து அமைப்பு இணையம் வழியாக ஒரு பொது அறிமுக வகுப்பை இலவசமாக நடத்துகிறது, அதில் தொடங்கலாம். அது முடிந்த பிறகு ஹார்வர்டு சட்டப் பள்ளியின் பேராசிரியர் வில்லியம் ஃபிஷர் நடத்தும் காப்பிரைட்எக்ஸ். அது 12 வார வகுப்பு, இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் விரிவுரைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அவர் பேசுவது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டம். அனுமதி கேட்காமலே நியாயமான அளவில் பயன்படுத்த விடும் விதிவிலக்குக்கு அங்கே ஃபேர் யூஸ் என்று பெயர், இங்கே ஃபேர் டீலிங். 2012 திருத்தத்துக்குப் பிறகு நம்முடையது அமெரிக்க முறைக்கு நிறையவே நெருங்கிவிட்டது, அவர்கள் பார்க்கும் நான்கு அம்சங்களைத்தான் (கீழே டீச்சருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன்) நம் சட்டமும் பார்க்கச் சொல்கிறது. ஆனாலும் அங்கே வந்த தீர்ப்பு இங்கே கட்டாயம் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பட்டம் வேண்டுமானால் மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம்., மலாக்காவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் சட்டப் படிப்பு உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி.யை இங்கிருந்தபடியே படித்து, சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதி வழக்கறிஞரானவர்களும் நிறைய. ஆனால் வழக்கறிஞர் ஆனால்தான் இந்தப் படிப்பு உதவும் என்றில்லை. பதிப்பகம், நூலகம், வானொலி, தொலைக்காட்சி, இசைக்கூடம் என்று எல்லா இடத்திலும் இது தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். தமிழும் மலாயும் தெரிந்து இதுவும் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு.

*கேள்வி:* அக்கா, நாங்கள் உருமி மேளக் குழு. எங்கள் ஊர் அம்மன்மேல் சொந்தமாக எழுதி மெட்டமைத்த பாட்டை ஸ்டூடியோவில் காசு கொடுத்து ரெக்கார்டிங் செய்து யூடியூபில் போட்டோம். யாரோ அதை அப்படியே எடுத்துத் தங்கள் சேனலில் போட்டு விளம்பரக் காசு பார்க்கிறார்கள். கேட்டால், "உங்கள் பெயரைத்தான் கீழே போட்டிருக்கிறோமே, கிரெடிட் கொடுத்தாச்சே" என்கிறார்கள். அதே சமயம் நாங்கள் ஒரு சினிமாப் பாட்டை உருமியில் வாசித்துப் போட்ட வீடியோவுக்கு யூடியூப் கிளைம் அனுப்பியிருக்கிறது. 30 வினாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்றார்களே?
– உருமி மேளக் குழுவினர்

*பதில்:* தம்பிகளா, பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. பெயரைப் போட்டதால் மட்டும் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது. நம் சட்டத்தின் பிரிவு 27 உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அவர்களிடம் நீங்கள் எழுதிக் கொடுத்தது எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் பாட்டில் எத்தனை உரிமை அடுக்கடுக்காக இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வரி எழுதியவருக்கு வரியில் உரிமை. மெட்டுப் போட்டவருக்கு மெட்டில். ஒலிப்பதிவு தனி, அதற்கு ஏற்பாடு செய்தவரைத்தான் சட்டம் அதன் ஆசிரியராகப் பார்க்கிறது, அதாவது ஸ்டூடியோவைப் பிடித்துக் காசு கொடுத்துச் செய்யவைத்த நீங்கள். பாடியவருக்கும் உருமி, தவில், பம்பை வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று. இதையெல்லாம் குழுவுக்குள் பேசி, யார் எதை எழுதினார்கள், வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். குழு ஒற்றுமையாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள், பிரிந்த பிறகு எழுதவே முடியாது.

பாட்டு உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். முதலில் கைப்பேசியில் ஹம் பண்ணிப் பதிவு செய்தது, புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒருவருக்கொருவர் அனுப்பிய வரிகள், ஸ்டூடியோ ரசீது எதையும் அழிக்காதீர்கள். மைஐபோ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தன்னார்வ அறிவிப்பு செய்துவைக்கும் வசதியும் 2012 முதல் இருக்கிறது. உரிமை அதனால் பிறப்பதில்லை, வழக்கென்று வந்தால் கையில் ஒரு சாட்சி இருக்கும். அடுத்து, யூடியூபில் அதற்கென்றே உள்ள படிவத்தில் நீக்கக் கோரிக்கை கொடுங்கள். நம் சட்டமும், முறையான அறிவிப்பு வந்த 48 மணி நேரத்துக்குள் சேவை வழங்குநர் அதை நீக்க வேண்டும் என்கிறது. எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பலாம், அப்போது 10 வேலை நாளுக்குப் பிறகு அது திரும்ப மேலே வந்துவிடக்கூடும், அதைத் தடுக்க நீங்கள் நீதிமன்றம் போயிருக்க வேண்டும். ஆகவே கோபத்தில் கண்டதற்கெல்லாம் அறிவிப்பு அனுப்பாதீர்கள், பொய்யான அறிவிப்பு கொடுப்பதும் குற்றம். வழக்கு வரைக்கும் போனால், நஷ்டத்தைத் தனியாக நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சரி, உங்கள் சினிமாப் பாட்டு. 30 வினாடிக் கணக்கு எந்தப் பிரிவிலும் இல்லை, யாரோ கிளப்பிவிட்டது ஊர் ஊராகச் சுற்றுகிறது. நீங்கள் சொந்தமாக வாசித்தாலும் மெட்டு இசையமைப்பாளருடையது அல்லது அவர் யாருக்குக் கொடுத்தாரோ அவர்களுடையது. உங்களுக்கு வந்தது கிளைம். ஸ்ட்ரைக் என்பது வேறு. கிளைம் என்றால் பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும். ஸ்ட்ரைக் வந்தால் வீடியோ போய்விடும், 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம். கிளைமோடு நிற்கும்போதே கவனமாக இருங்கள். உங்களுக்குச் சொந்த மெட்டுப் போடத் தெரிகிறதே, அதைப் போடுங்கள்.

*கேள்வி:* கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் எங்கள் படத்தைக் கேட்காமல் தன் முகநூல் விளம்பரத்தில் போட்டிருக்கிறார். "எடுத்தவன் நான், உரிமை எனக்கு" என்கிறார். சரியா?
– புதுமணத் தம்பதி

*பதில்:* மலேசியாவில் சரியில்லை. காசு கொடுத்து ஒருவரிடம் ஒரு படைப்பைச் செய்யச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை சொன்னவருக்கே மாறிவிட்டதாகப் பிரிவு 26 எடுத்துக்கொள்கிறது. முன்பணம் கட்டியபோது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்று தேடிப் பாருங்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு வரி இருந்தால் விஷயமே வேறு.

*கேள்வி:* தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கிறேன். எல்லாப் பெற்றோராலும் பயிற்சி நூல் வாங்க முடிவதில்லை. ஒரு நூலை முழுதாக ஸ்கேன் செய்து பி.டி.எஃப்.ஆக வகுப்புப் புலனக் குழுவில் போட்டேன். லாபத்துக்குச் செய்யவில்லை, கல்விக்குத்தானே? டெல்லியில் நீதிமன்றமே இதை அனுமதித்துவிட்டது என்று ஒரு நண்பர் சொன்னார்.
– ஆசிரியை

*பதில்:* டீச்சர், உங்கள் நோக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. தோட்டப்புறப் பள்ளியில் நான்கு பாடத்துக்கு நான்கு நூல் வாங்கச் சொன்னால் சில வீட்டில் அந்த மாதம் வேறு எதையோ நிறுத்தித்தான் வாங்க வேண்டும். ஆனாலும் முழு நூலைப் போட்டது தவறு, குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டெல்லி வழக்கை உங்கள் நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி ஃபோட்டோகாப்பி கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன, 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் கடை பக்கம் தீர்ப்புச் சொன்னது, மறு வருடம் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன. ஆனால் அது பாடத்திட்டப்படி பல நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்துச் சேர்த்த தொகுப்பைப் பற்றியது. அதுவும் இந்தியச் சட்டத்தில் கற்பித்தலுக்கென்று உள்ள விதிவிலக்கை வைத்து வந்தது. நமக்கு நம் பிரிவு 13-தான்.

அதில் உங்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. பாடத்தை விளக்க ஒரு கதையின் பகுதியையோ ஒரு பாடலையோ, எங்கிருந்து எடுத்தது, யார் எழுதியது என்று குறிப்பிட்டு நியாயமான அளவில் பயன்படுத்தலாம். தேர்வுக் கேள்வி தயாரிக்கப் பயன்படுத்தலாம். பள்ளி நிகழ்ச்சியில் நுழைவுக் கட்டணம் வாங்காமல் கல்வி நோக்கத்துக்காகப் பாட்டுப் போடவும் நாடகம் நடிக்கவும் இடம் இருக்கிறது. மற்றபடி ஃபேர் டீலிங் என்றால் எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதன் விற்பனைக்கு என்ன பாதிப்பு என்று நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சி நூலை வாங்குவதே மாணவர்கள்தான், வேறு ஆள் கிடையாது. அதை முழுதாக மாணவர்களுக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டால் முதல் அம்சத்தில் நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடைசி அம்சத்தில் தோற்றுவிடுவீர்கள்.

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும் நூல் போடுபவருக்கு அது சின்னச் சந்தைதான். ஒரு பி.டி.எஃப். குழுவிலிருந்து குழுவுக்குத் தாவி மாநிலம் மாநிலமாகப் போய்விட்டால் அடுத்த வருடம் அந்த நூல் வராது. இதை நான் மனதார நம்புவதால்தான் அழுத்திச் சொல்கிறேன். வேறு வழிகள் இருக்கின்றன. பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள், வகுப்புக்கு மொத்தமாக விலை குறைத்துத் தரவோ சில பக்கங்களுக்கு அனுமதி தரவோ சிலர் தயங்குவதில்லை. இன்னும் நல்லது, வட்டாரத்து ஆசிரியர்கள் சேர்ந்து சொந்தமாகப் பயிற்சித் தாள் எழுதி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுங்கள். யாரும் நகலெடுக்கலாம், எங்கள் பெயரை மட்டும் விடாதீர்கள், விற்கக் கூடாது என்றெல்லாம் நீங்களே நிபந்தனை வைக்கலாம். பள்ளி வேலையாக எழுதினால் உரிமை யாருக்கு என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், வேலையின் பகுதியாகச் செய்தது பொதுவாக முதலாளிக்கே போகும்.

*கேள்வி:* என் அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் பாடிய பாட்டுகளை ஒரு மாணவர் வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போனார். இப்போது அது இணையத்தில் இருக்கிறது, அம்மா பெயரே இல்லை. நாட்டுப்பாட்டுக்கு உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு 81 வயது.
– மகள்

*பதில்:* உங்கள் கடிதத்தைப் படித்ததும் மிகவும் வருத்தமாக இருந்தது. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. வழிவழியாக வந்த, யார் கட்டினார்கள் என்றே தெரியாத தாலாட்டுக்கும் தெம்மாங்குக்கும் ஆசிரியர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் உங்கள் அம்மா பாடியதில் தோட்டத்துக் கங்காணியைப் பற்றியும் மழைநாளில் வேலை போனதைப் பற்றியும் வரிகள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவை அம்மா தானே கட்டியவை என்றால் அவற்றின் ஆசிரியர் அவர்தான், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, ஒலிப்பதிவாகியிருந்தாலே போதும்.

பழைய பாட்டாகவே இருந்தாலும் பாடியது உங்கள் அம்மாவின் குரல். நேரில் பாடுவதைப் பதிவு செய்யவும் அதை மக்களுக்குக் கொண்டுபோகவும் பாடுபவரின் சம்மதம் வேண்டும், அதுதான் நிகழ்த்துநர் உரிமை, நாட்டார் வழக்கைப் பாடி நிகழ்த்துவதற்கும் அது பொருந்தும், 50 ஆண்டு நிற்கும். தன்னைப் பாடியவராக அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையும் 2012-இல் சேர்க்கப்பட்டது. அன்று ஆய்வுக்கென்று சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால் அது எதுவரை என்பது ஒரு கேள்வி. முதலில் சண்டை வேண்டாம். அந்த மாணவருக்கும் அவருடைய துறைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்: அம்மாவின் முழுப்பெயரும் தோட்டத்தின் பெயரும் ஒவ்வொரு பதிவிலும் வர வேண்டும், பதிவுகளின் ஒரு பிரதி குடும்பத்துக்கு வேண்டும், விற்பதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான். இதைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். கூடவே, அம்மா நன்றாகப் பாடக்கூடிய இந்த நாட்களிலேயே மீதிப் பாட்டுகளை நீங்களே பதிவு செய்யுங்கள்.

*கேள்வி:* பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எல்லாச் சேனலும் வரும் டி.வி. பெட்டி விற்கிறார்கள். என் மகன் அதை வாங்கி விற்கலாம் என்கிறான்.
– ஒரு தந்தை

*பதில்:* வேண்டாம் ஐயா. அனுமதியில்லாத ஒளிபரப்புக்கு வழிசெய்யும் ஸ்ட்ரீமிங் பெட்டியை விற்பதும் செயலியைப் பரப்புவதும் 2022 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாது, 200,000 வரை போகலாம், சிறை 20 ஆண்டு வரை.

*கேள்வி:* என்னிடம் பழைய மலேசியத் தமிழ் நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும் நிறைய இருக்கின்றன. கரையான் அரிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா? தமிழ்நாட்டில் எழுத்தாளர்களை நாட்டுடைமை ஆக்குவதுபோல் இங்கே உண்டா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

*பதில்:* ஐயா, முதலில் ஸ்கேன் செய்வதையும் இணையத்தில் போடுவதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கரையான் காத்திருக்காது, ஆகவே உங்கள் சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் என்று ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வதை ஃபேர் டீலிங்குக்குள் வைத்து வாதாட முடியும். எல்லாருக்கும் திறந்து போடும்போதுதான் ஒவ்வொரு நூலாகப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு எழுத்தாளர் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவாக்குகிற ஏற்பாடு இங்கே இல்லை. இங்கே கணக்கு எழுத்தாளரின் மரண ஆண்டுதான். 1970-இல் இறந்தவர் என்றால் 2020 டிசம்பர் 31 வரை உரிமை குடும்பத்துக்கு, அப்புறம் பொது. இந்தியாவில் அதுவே 60 ஆண்டு, சிங்கப்பூரில் 70, இணையத்தில் போட்டால் அங்கேயும் திறக்கும் என்பதை மனதில் வையுங்கள். புனைபெயரில் எழுதி, ஆள் யாரென்றே தெரியாவிட்டால் நூல் வெளிவந்ததிலிருந்து 50. இன்னொரு விஷயம், கதை பொதுவாகிவிட்டாலும் பக்க அமைப்புக்குப் பதிப்பாளருக்குத் தனியாக 50 ஆண்டு உரிமை உண்டு. சமீபத்திய மறுபதிப்பை ஸ்கேன் செய்யாமல் பழைய பதிப்பையே செய்யுங்கள், அல்லது தட்டச்சு செய்து போடுங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கி வருகிறது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் 2005 முதல் இருக்கிறது. அவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிபடும்.

உரிமை முடியாத நூல்களுக்குக் குடும்பத்தைத் தேடுங்கள். எழுத்தாளர்களின் பிள்ளைகள் பலர் ஈப்போவிலோ கிள்ளானிலோதான் இருப்பார்கள், அப்பாவின் புத்தகத்தில் ஒரு பிரதிகூட அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஸ்கேன் செய்த பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நூல், எங்கே போடப்போகிறீர்கள், இலவசமாகத்தான் என்பதை ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதி, வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள், ஒருவர் விட்டுப்போனாலும் பின்னால் சிக்கல். முதல் கேள்வி கேட்ட அச்சுக்கடைத் தம்பி உங்கள் ஊர்தான், அந்தப் பக்கத்தை எழுத அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.